டூரிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி ஹேவ்லாக் எப்படி இருந்துச்சு?

கேள்வி – 2025 ஜனவரி 11

போன மாசம் குடும்பத்தோட அந்தமான் போய்ட்டு வந்தோம். அங்க ஹேவ்லாக் தீவுல ராதாநகர் பீச்ல சூரியன் மறையறத பாக்க அவ்ளோ கூட்டம், ஃபோட்டோல நம்ம ஆளுங்கள விட அடுத்தவங்க தலைதான் அதிகம். வர்றவன் போறவன் எல்லாம் "முன்னாடி இது சொர்க்கம் சார்"னு சொல்றான். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ரோடு இல்ல, கரண்ட் இல்ல, ஆஸ்பத்திரி இல்லாத இடத்த சொர்க்கம்னு சொல்றது லீவுக்கு போய்ட்டு திரும்பி வந்தவங்க பேச்சு. டூரிசம் வந்ததாலதான் அந்த ஜனங்களுக்கு சோறு. அந்தக் காலத்துல நெசமாவே போனவங்க இருந்தா சொல்லுங்க.

2025 ஜனவரி 11, ராத்திரி

நான் போயிருக்கேன். 1991 ஏப்ரல், ஸ்கூல் லீவு. எங்க சித்தப்பா போர்ட் பிளேர்ல கவர்மெண்ட் வேலைல இருந்தார், வாங்க வாங்கன்னு லெட்டர் மேல லெட்டர், அப்பாவுக்கு லீவு கிடைக்கல, அதனால அம்மா நான் தம்பி மூணு பேரும் திருச்சிலேருந்து ராக்ஃபோர்ட்ல மெட்ராஸ் வந்து ஹார்பர்ல கப்பல் ஏறினோம். எம்.வி. ஹர்ஷவர்தனா. பங்க் கிளாஸ், அதாவது கப்பலோட அடி வயித்துல இரும்புக் கட்டில் மேல கட்டிலா அடுக்கி வச்சிருப்பாங்க, ஜன்னல் கிடையாது, டீசல் வாடையும் வாந்தி வாடையும் பருப்பு வேகற வாடையும் கலந்து ஒரு வாடை, அது இன்னும் மூக்குல இருக்கு. அம்மா மெட்ராஸ் கண்ணுக்கு மறையறதுக்குள்ள படுத்தவங்க, போர்ட் பிளேர் வந்துதான் எழுந்தாங்க. மூணு நாள் பயணம்னு சொல்லுவாங்க, கடல் எப்படி இருக்கோ அதப் பொறுத்து.

நானும் தம்பியும் மேல டெக்லதான் கிடந்தோம். பறக்கற மீனு பாத்தோம். கப்பல்ல பூரா ஒரே பேச்சு பாரன் (Barren) தீவு எரிமலை பத்தி. நூறு வருஷத்துக்கு மேல தூங்கிட்டிருந்தது அந்த வருஷம் மார்ச்லதான் முழிச்சிருந்துச்சு.

ஹேவ்லாக் பத்தி நாளைக்கு எழுதறேன். கேட்டவர் சொல்றதுல பாதி சரி, பாதி இல்ல. எந்தப் பாதின்னு யோசிச்சுட்டு வரேன்.

2025 ஜனவரி 12

அப்ப ஹேவ்லாக்குக்கு யாரும் "சுத்திப் பாக்க" போகமாட்டாங்க. போர்ட் பிளேர் வர்றவங்க செல்லுலர் ஜெயில், ராஸ் தீவு, சாத்தம் மரமில், கார்பின்ஸ் கோவ் பாத்துட்டு அபர்தீன் பஜார்ல சங்கு வாங்கிட்டு கப்பல் ஏறிடுவாங்க. நாங்க போனதே சித்தப்பா ஆபீஸ்ல கூட வேலை பாத்த பெங்காலி ஒருத்தருக்கு சொந்த ஊர் ஹேவ்லாக்குங்கறதால. அவர் ஊருக்கு போறார், நீங்களும் கூட வாங்கன்னார். அவ்ளோதான், பிளான் எல்லாம் ஒண்ணும் இல்ல.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டிலேருந்து கவர்மெண்ட் போட். இப்ப பிரைவேட் படகு ஏசி போட்டு ஒன்றரை மணி நேரத்துல விட்டுடுது, அன்னிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல இழுத்துச்சு. போட்ல எங்கள தவிர எல்லாரும் ஊர்க்காரங்க. அரிசி மூட்டை, கோழிக்குஞ்சுக் கூடை, ஒரு தகர பீரோ, ஒரு ஆடு. அந்த ஆடு தம்பி சட்டைய தின்னுச்சு.

ஊருக்கு எல்லாம் நம்பர்தான். ஜெட்டி இருக்கறது ஒண்ணாம் நம்பர், பஜார் மூணாம் நம்பர், ராதாநகர் ஏழாம் நம்பர். கோவிந்தநகர், விஜய்நகர்னு பேர் எல்லாம் உண்டு, ஆனா பேச்சுல நம்பர்தான். நாங்க தங்கினது மூணாம் நம்பர். அவர் வீட்டம்மாவ மாஷின்னு, பெங்காலில சித்தி மாதிரி, கூப்பிடச் சொன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல அவங்க மாஷிதான். மண் சுவர், மேல தகரம், முன்னாடி குளம், குளத்த சுத்தி பாக்கு மரம். வீட்டுக்குப் பின்னாடி தென்னந்தோப்பு, தோப்பு முடியற இடத்துல கடல். கடல்னா அலை அடிக்கற கடல் இல்ல, தண்ணி வத்தினா பாறையும் சேறுமா ரொம்ப தூரம் உள்ள போயிடும், நண்டு ஓடும். அங்க யாரும் குளிக்கறதில்ல. மாஷி வீட்ல அந்தப் பக்கம் போறதே தேங்கா பொறுக்கவும் இன்னொரு வேலைக்கும்தான். அந்த இன்னொரு வேலை என்னன்னு புரிஞ்சிருக்கும்.

இப்ப அதே கரைலதான் காட்டேஜ் வரிசை.

2025 ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழிச்சு

ஏழாம் நம்பர் பத்தி சொல்லாம விட்டுட்டேன், எல்லாருக்கும் அதுதான வேணும்.

மூணாம் நம்பர்லேருந்து ஏழுக்கு பத்து கிலோமீட்டர் இருக்கும். ரோடு வேலைக்கு ஜல்லி ஏத்திட்டு போன லாரில பின்னாடி ஏறிப் போனோம். ரெண்டு பக்கமும் வயல், அப்புறம் காடு, ரோட்ல யானைச் சாணி. மரம் இழுக்கற யானைங்க. கடைசில இறங்கி நடந்தா மரம், மரம், மரம், மஹுவா மரம்னு அங்க சொல்லுவாங்க, நிமிந்து பாத்தா கழுத்து வலிக்கும், பகல்லயே இருட்டு. அந்த இருட்டுலேருந்து வெளிய கால் வச்சா வெள்ளை. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டற வரைக்கும் மணல், ஒரு ஆள் இல்ல, ஒரு கடை இல்ல, ஒரு பேப்பர் இல்ல. நான் பாத்திருந்த கடல்னா மெரினாவும் வேளாங்கண்ணியும்தான். கடல்னா கூட்டம், சுண்டல், ஈர மணல்ல செருப்பு தொலையறது. இங்க யாருமே இல்லேங்கறதால தம்பி அழ ஆரம்பிச்சுட்டான். "கடைய எங்கம்மா காணோம்"னு.

சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் விழுந்துடும். அங்க கிழக்க அவ்ளோ தள்ளி இருந்தும் நம்ம ஊர் கடிகாரம்தான், அதனால காலைல அஞ்சு மணிக்கே நல்ல வெளிச்சம், ஆறு மணிக்கு கும்மிருட்டு. இப்ப போறவங்க சன்செட்டுக்கு நிக்கறாங்க, நாங்க சன்செட்டுக்கு முன்னாடி லாரிய பிடிக்க ஓடினோம். அதனால ராதாநகர் சன்செட்ட நான் அந்தத் தடவை பாக்கவே இல்ல.

2025 ஜனவரி 14

ஒருத்தர் கேட்டிருக்கார், "டைம் பத்திரிகை ஆசியாவுலயே பெஸ்ட் பீச்னு சொன்னது அப்பவா?" இல்லங்க, அது 2004. சுத்தமான பீச்சுக்குக் குடுக்கற நீலக் கொடி சர்டிபிகேட் 2020. 1991ல பெஸ்ட்டுன்னு சொல்ல ஆள் வேணுமே.

2025 ஜனவரி 14, மதியம்

தம்பிக்கு ஃபோன் போட்டு ஞாபகம் இருக்காடான்னு கேட்டேன். ஆடு ஞாபகம் இருக்கு. மணல் கொசு ஞாபகம் இருக்கு. பீச் ஞாபகம் இல்ல! "எந்த பீச்"ங்கறான். மணல் கொசு தெரியாதவங்களுக்கு: கண்ணுக்கே தெரியாது, சேண்ட் ஃப்ளை, கடிக்கும்போது ஒண்ணும் தெரியாது, மறுநாள் சிவந்து தடிக்கும், சொறிஞ்சா புண்ணாகும், ஸ்கூல் திறந்தப்பறம்கூட கால் பூரா தழும்போட போனோம். மிஸ் அம்மையான்னு கேட்டாங்க. தேங்கா எண்ணெய் தடவிட்டு போனா கொஞ்சம் தப்பிக்கலாம்னு மாஷி சொன்னது உண்மை, அத இப்பவும் செய்யலாம்.

அவனுக்கு ஞாபகம் இருக்கற இன்னொண்ணு, எரிமலை புகை பாக்க உக்காந்தது. அங்கேருந்து தெரியும்னு யாரோ சொல்லிட்டாங்க, ஒரு நாள் காலைல பூரா கிழக்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். மேகம் தெரிஞ்சுது.

2025 ஜனவரி 17

கேட்டவர் விஷயத்துக்கு வரேன். ரோடு, கரண்ட் இல்லாத இடம் சொர்க்கமான்னு கேட்டார்.

எனக்கு என்ன தோணுதுன்னா, அங்க காசு செலவு பண்ண இடமே இல்ல, அதான் விஷயம். பஜார்ல நாலஞ்சு கடை, அதுல பிஸ்கட்டும் மண்ணெண்ணெயும் பீடியும். லாட்ஜ் இல்ல, ஓட்டல்னா ஒரு டீக்கடை. அப்ப வெளியாள் வந்தா என்ன பண்ண முடியும், யாரோ ஒருத்தர் வீட்டு விருந்தாளியாத்தான் இருக்க முடியும். அம்மா பர்ஸ்ல காசு வச்சுக்கிட்டு போனாங்க, அப்படியே கொண்டுவந்தாங்க. மாஷி வீட்டுப் பக்கத்து வீட்லேருந்து மீன் வரும், எதிர் வீட்லேருந்து பூசணி வரும், "மெட்ராஸ்லேருந்து ஆள் வந்திருக்காங்க"ன்னு பாக்க வருவாங்க, நாங்க திருச்சின்னு யாருக்கும் விளங்கல. ராத்திரி அரிக்கேன் விளக்கு, கரண்ட் வந்தா ஜெனரேட்டர் ஓடற கொஞ்ச நேரம்தான். எங்களுக்கு ஹிந்தி வராது, மாஷிக்கு தமிழ் வராது, அவங்க அவங்க பாஷைல பேசிக்கிட்டே இருப்பாங்க, சண்டை மட்டும் வரல.

2018ல வீட்டுக்காரரோட திரும்பப் போனப்ப எல்லாத்துக்கும் காசு குடுத்தோம், எல்லாம் கிடைச்சுது, ஸ்கூட்டர், ஸ்கூபா, மசால் தோசை. மசால் தோசை நல்லாவே இருந்துச்சு. யாரும் எங்கள பாக்க வரல, அவ்ளோதான் வித்தியாசம். எனக்கு அந்தக் காலம் பிடிச்சதுக்குக் காரணம் காலியான பீச் இல்ல, அந்த விருந்தாளி அந்தஸ்துதான்னு நெனக்கறேன்.

2025 ஜனவரி 18

மேல எழுதினத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சாங்க. "உனக்கு விருந்து. எனக்கும் அந்தப் பொம்பளைக்கும் என்ன? விடிஞ்சதுலேருந்து அடுப்படிதான்"னாங்க.

யோசிச்சுப் பாத்தா அதுவும் சரிதான். ஓட்டல் இல்லேன்னா யாராவது ஆக்கிப் போடணுமே. விறகு ஈரம், புகை, தண்ணிக்கு கிணத்துக்குப் போகணும், வந்தவங்களுக்கு ரெண்டு வேளை சோறு, மீன் ஆஞ்சு குழம்பு வைக்கணும். மாஷிக்கு அப்ப ஆறாவது மாசம்னு அம்மா சொல்றாங்க, எனக்கு அது தெரியவே தெரியாது. அம்மா விருந்தாளியா உக்காரல, பாதி வேலைய அவங்கதான் பாத்திருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து கடுகெண்ணெய் விஷயத்துல ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்களாம், ஒரு நாள் கடுகெண்ணெய்ல சுர்மாயி மீன், மறுநாள் அம்மா கைல புளிக்குழம்பு. சுர்மாயின்னா நம்ம வஞ்சிரம். புளி கிடைக்கல, சித்தி டப்பால குடுத்து விட்டது. மாஷி வாய்ல வச்சுட்டு மூஞ்சிய சுளிச்சாங்களாம், அடுத்த தடவை கேட்டு வாங்கி சாப்ட்டாங்களாம்.

அம்மாகிட்ட "அப்ப உங்களுக்கு ஹாலிடேயே இல்லயா"ன்னு கேட்டேன். "கப்பல்ல படுத்திருந்தேனே, அதான்"னாங்க.

2025 ஜனவரி 21

"அந்தமான் எல்லாம் ஆதிவாசிங்க நிலம், பெங்காலிங்க எப்படி வந்தாங்க"ன்னு ஒரு கேள்வி. நல்ல கேள்வி, ஏன்னா "டூரிசம் வர்றதுக்கு முன்னாடி"ன்னா ஏதோ ஆதியிலேருந்து அப்படியே இருந்த மாதிரி நாம பேசறோம்.

நான் பாத்த அந்த வயலும் குளமும் பாக்குத் தோப்பும் நாப்பது வயசுகூட ஆகாதது. பிரிவினைக்குப் பின்னாடி கிழக்கு பாகிஸ்தான்லேருந்து வந்த அகதிங்கள கல்கத்தாலேருந்து கப்பல்ல கொண்டுவந்து தீவு தீவா குடியேத்தினாங்க, ஹேவ்லாக்ல 1950கள்ல. குடும்பத்துக்கு 10 ஏக்கர்னு திட்டம், நெல்லுக்கு 5, மேட்டுல 5. நிலம்னா நிலம் இல்ல, காடு. மாஷியோட மாமனார் அப்ப உயிரோட இருந்தார், திண்ணைல உக்காந்து சித்தப்பாகிட்ட ஹிந்தில சொல்லுவார், சித்தப்பா எங்களுக்கு சொல்லுவார். வந்து இறங்கினப்ப கொட்டகைதான், மரம் வெட்ட வெட்ட வெயில் உள்ள வந்துச்சாம், அதுவரைக்கும் தரைல வெயிலே விழுந்ததில்லயாம். மழை ஆரம்பிச்சா நிக்காது, வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் பெய்யற ஊரு. கடல் கொந்தளிச்சா போட் வராது. உடம்பு முடியாதவங்கள கரைல வச்சுக்கிட்டு போட்டுக்கு காத்திருந்து, வராமயே போனதும் உண்டுன்னார். அவரோட மொதல் பிள்ளை அப்படித்தான்.

ஏழாம் நம்பர் பீச்சப் பத்தி அவர்கிட்ட சித்தப்பா கேட்டார், எவ்ளோ அழகு இல்லன்னு. "அங்க உப்புக் காத்து, ஒண்ணும் விளையாது"ன்னார்.

ஹேவ்லாக்குங்கற பேரே 1857 கலகத்த அடக்கின வெள்ளைக்கார ஜெனரல் பேரு. 2018 டிசம்பர் 30ல சுவராஜ் தீவுன்னு மாத்தினாங்க. நாங்க அந்த வருஷம் போனது அதுக்கு முன்னாடி. எனக்கு வாய்ல வர்றது ஹேவ்லாக்தான், கோச்சுக்காதீங்க.

2025 ஜனவரி 22

முதலை பத்தி: ஆமா, இருக்கு. உப்புத்தண்ணி முதலை. 2010ல ராதாநகர் பக்கத்துலயே நீச்சலடிச்ச வெளிநாட்டுப் பொண்ண கொன்னுடுச்சு. அம்மா 1991லயே முதலை முதலைன்னு எங்கள முட்டிக்கு மேல தண்ணில இறங்க விடல, கூட வந்த பெங்காலி அண்ணன் சிரிச்சார், அதெல்லாம் சேத்து ஓடைலதான் இருக்கும் இங்க வராதுன்னு. அம்மா இத இன்னும் சொல்லிக் காட்டுவாங்க.

2025 ஜனவரி 26

2018 பத்தி விரிவா எழுதச் சொல்லியிருக்கீங்க. மாஷி வீட்டத் தேடிப் போனேன். மாஷி போய்ச் சேந்துட்டாங்க. அம்மா சொன்ன அந்த ஆறாவது மாசம்தான் இப்ப ஸ்கூட்டர் வாடகைக்கு விடறவரா இருக்கணும், வயசு சரியா வருது. நான் யாருன்னு சொன்னதும் அவருக்கு ஒண்ணும் தெரியல, "புளி"ன்னதும் பிடிச்சுக்கிட்டார். மாஷி கடைசி வரைக்கும் மீன்ல புளி போடுவாங்களாம், ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களாம்.

அவர் சொன்ன விஷயம் இது. பெரியவர் பாகம் பிரிச்சப்ப மூத்த பையனுக்கு நல்ல வயல குடுத்தார், சின்னவருக்கு, அதாவது இவங்க அப்பாவுக்கு, கடலோரம் இருந்த தோப்பு. தேங்காய்க்கு விலையே இல்லாத காலம், மாஷிக்கு அதுல ரொம்ப வருத்தமாம். அப்புறம் தொண்ணூறுகள் கடைசில முதுகுல மூட்டையோட வெள்ளைக்காரங்க வர ஆரம்பிச்சாங்க, தோப்புல நாலு மூங்கில் குடிசை போட்டா ராத்திரிக்கு காசு. அதுக்கப்புறம் பெரிய கைங்க வந்தாங்க. அந்தமான்ல முக்காவாசிக்கு மேல, 85 சதவீதத்துக்கும் மேல, காட்டு இலாகா நிலம், அதுல கட்டடம் கட்ட முடியாது, அப்ப ரிசார்ட் கட்ட நிலம் எங்க கிடைக்கும்? அகதிங்களுக்கு குடுத்த அந்தப் பத்து பத்து ஏக்கர்லதான். கரையோரம் வச்சிருந்தவன் பணக்காரன், உள்ள நெல்லு போட்டவன் இன்னும் நெல்லுதான், இல்ல அதே ரிசார்ட்ல தோட்ட வேலை. மூத்தவர் வீட்டுப் பையன் ஒருத்தர் இவர்கிட்டதான் வண்டி துடைக்கறார். இவர் அத சொல்லும்போது பெருமையும் இல்ல, கஷ்டமும் இல்ல, சும்மா சொன்னார்.

இவங்களும் தோப்புல பாதிய வித்துட்டாங்க, 2004 சுனாமிக்கு அப்புறம் பயத்துல. அடிமாட்டு விலை. இப்ப அங்க சுவர் எழுப்பிட்டாங்க, அந்தப் பக்கம் போகணும்னா சுத்திப் போகணும். நான் தேங்கா பொறுக்கின இடத்த சுவருக்கு மேல எட்டிப் பாத்தேன், நீச்சல் குளம் தெரிஞ்சுது. கடல்லேருந்து இருபது அடில நீச்சல் குளம்!

2025 ஜனவரி 27

தண்ணி. நேத்தே எழுதியிருக்கணும். 1991ல போர்ட் பிளேர்லயே வெயில் காலத்துல குழா தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், சித்தி வீட்ல டிரம் டிரம்மா பிடிச்சு வைப்பாங்க. சுத்தி மூணு பக்கம் கடல், எட்டு மாசம் மழை, ஆனா ஏப்ரல்ல குடிக்க தண்ணி தட்டுப்பாடு. தீவுன்னா இதான். மாஷி வீட்டுக் கிணத்துல அந்த மாசம் அடி தெரிஞ்சுது. அந்த மண்ணுல இன்னிக்கு எத்தன பாத்ரூம் ஓடுது யோசிங்க. 2011 கணக்கெடுப்புப்படி மொத்த அந்தமான் நிக்கோபார் ஜனத்தொகையே 3.8 லட்சம், 2018ல வந்த டூரிஸ்ட் மட்டும் 5 லட்சத்த ஒட்டி. கவர்மெண்ட் ஆளுங்களுக்கு எல்.டி.சி.ல, அதாவது லீவுல ஊர் போக ஆபீஸ் குடுக்கற பயணச் சலுகைல, பிளேன்ல போகலாம்னு வந்ததுலேருந்து இன்னும் ஜாஸ்தி. நாங்களும் 2018ல எல்.டி.சி.ல போனவங்கதான், அதனால ரொம்ப பேச எனக்கு யோக்கியதை இல்லன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

2025 பிப்ரவரி 2

யானை பத்தி ஒருத்தர் எழுதியிருந்தார், "ராஜன்னு கடல்ல நீந்தற யானை இருந்துச்சே, அது உங்க காலத்துல இருந்துச்சா?" அது மரம் இழுக்கறதுக்காக 1970கள்ல கொண்டுவந்த யானைங்கள்ல ஒண்ணு. அந்த யானைங்களுக்கு நீச்சல் விளையாட்டு இல்ல, வேலை. 2002ல சுப்ரீம் கோர்ட் மரம் வெட்டறதுக்கு கட்டுப்பாடு கொண்டுவந்ததும் யானைங்களுக்கு வேலை போச்சு. ராஜன் மட்டும் ஹேவ்லாக்ல தங்கி டூரிஸ்டுக்காக நீந்தி, உலகம் பூரா ஃபோட்டோ வந்து, 2016ல செத்துப்போச்சு. நான் ரோட்ல பாத்த சாணி ராஜனோடதான்னு தம்பி பசங்ககிட்ட அளந்து விட்டுட்டிருக்கான். பீச்சே ஞாபகம் இல்லாதவன்.

ஆனா இது பெரிய விஷயம். நான் "கழுத்து வலிக்கற மரம்"னு எழுதினேனே, அதே வருஷம் அதே தீவுகள்லேருந்து படாக்கும் குர்ஜனும் வெட்டி சாத்தம் மில்லுக்கு போய்ட்டுதான் இருந்துச்சு. அந்த மில் 1883லேருந்து ஓடுது. டூரிஸ்ட் இல்லாதப்ப காடு பத்திரமா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. பவளத்துக்கும் அப்படித்தான், 1998லயும் 2010லயும் கடல் சூடாகி வெளுத்துச்சு, அதுக்கு நீங்க ஃபிளிப்பர் போட்டு மிதிச்சது காரணம் இல்ல. மிதிக்காம இருக்கறதும் நல்லதுதான்.

2025 பிப்ரவரி 2, ராத்திரி

சங்கு, பவளம் எல்லாம் பை நிறைய எடுத்துட்டு வந்திருப்பீங்களேன்னு நக்கல் வேற. எடுத்துட்டு வந்தோம். அப்ப கடைலயே தட்டுல வச்சு வித்தாங்க, 2001லதான் பவளமும் சில சங்கு வகையும் வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வந்துச்சு. இப்ப ஒரு துண்டு பையில இருந்தா ஏர்போர்ட்ல பிடிச்சுக்குவாங்க. எங்க வீட்டு ஷோகேஸ்ல இருந்தத சித்தி பொண்ணு கொலுவுக்கு கேட்டு வாங்கிட்டு போனா, திரும்பி வரல.

2025 பிப்ரவரி 9

"தமிழங்க யாரும் இல்லயா அங்க"ன்னு கேட்டவருக்கு: ஹேவ்லாக்ல அப்ப ரொம்ப கம்மி. போர்ட் பிளேர்ல பஜார்ல பாதி தமிழ்தான் கேக்கும், மொத்த தீவுல தமிழ் பேசறவங்க 15 சதவீதம், பெங்காலி, ஹிந்திக்கு அடுத்து நாமதான். வெற்றிமலை முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்கு போய்ப் பாருங்க, எந்த ஊர்ல இருக்கோம்னே மறந்துடும். அத விட தூரத்துல, நிக்கோபார்ல கச்சால் தீவு. சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துல இலங்கைலேருந்து திருப்பி அனுப்பின மலையகத் தமிழங்கள ரப்பர் தோட்டத்துக்கு அங்கதான் கொண்டுபோய் விட்டாங்க. சித்தப்பா அங்க கொஞ்ச காலம் வேலை பாத்தார். தேயிலைலேருந்து ரப்பர், ஒரு தீவுலேருந்து இன்னொரு தீவு. 2000 பொறக்கறப்ப புத்தாயிரத்தோட முதல் சூரியன் கச்சால்ல தெரியும்னு பெரிய விளம்பரம் நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள சுனாமில அதே தீவுல ஆயிரக்கணக்கான பேர் போய்ட்டாங்க. சித்தப்பா அத பத்தி பேசமாட்டார், நாங்களும் கேக்கறதில்ல.

2025 பிப்ரவரி 10

கேட்டவர் மறுபடி வந்து, "அப்ப நான் சொன்னதுதான சரி, டூரிசத்தால நல்லதுதான்"ங்கறார்.

அவ்ளோ சுலபமா ஒத்துக்க மாட்டேன். ஆஸ்பத்திரியும் அவசரத்துக்கு ஹெலிகாப்டரும் இன்டர்நெட்டும் டூரிஸ்டுக்காக மட்டும் வரணும்னு என்ன தலையெழுத்து? சென்னைலேருந்து 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் 2020ல வந்துச்சு, ஹேவ்லாக்குக்கும் சேத்து, அது அந்த ஜனங்களுக்கு எப்பவோ வந்திருக்க வேண்டியது. பெரியவரோட பிள்ளைக்கு ஒரு போட் தேவைப்பட்டுச்சு, நீச்சல் குளம் இல்ல. ரெண்டும் ஒரே பார்சல்ல வரும்னு நாம நம்பிட்டோம்.

அதே சமயம் அந்த ஸ்கூட்டர்காரர்கிட்ட போய் 1991 மாதிரி இருந்திருக்கலாமேன்னு சொன்னா ஹெல்மெட்டால அடிப்பார். அவங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி கோவால ஸ்கூபா டிரெய்னரா இருக்காளாம். மாஷிக்கு நீச்சலே தெரியாது.

கிரேட் நிக்கோபார்ல துறைமுகம், ஏர்போர்ட், டவுன்ஷிப்னு வரப்போகுது, கலாத்தியா வளைகுடால, லெதர்பேக் ஆமை முட்டை போடற இடத்துல, 130 சதுர கிலோமீட்டர் காடு போகுது. அது பத்தி என்ன நெனக்கறீங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. நான் அங்க போனதில்ல. ஷோம்பென்ங்கற ஆதிவாசி ஜனங்க அந்தக் காட்டுலதான் இருக்காங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்கள கேக்காம, 10 ஏக்கர் குடுத்தமாதிரி எதையாவது குடுத்துட்டு வந்துடக் கூடாதுன்னு மட்டும் தோணுது.

2025 மார்ச் 3

கடைசியா, கப்பல்ல போகலாமான்னு நாலு பேர் தனியா கேட்டிருக்கீங்க, எல்லாருக்கும் சேத்து இங்கயே. இப்பவும் சென்னைலேருந்து கப்பல் உண்டு. ஆனா தினமும் கிடையாது, தேதி முன்ன பின்ன ஆகும், திரும்பற டிக்கெட்ட பிளேன்ல போட்டுக்கிட்டு போகும்போது மட்டும் கப்பல்ல போங்க, லீவு மிச்சமாகும். பிப்ரவரி, மார்ச்ல கடல் சாதுவா இருக்கும், மே கடைசிக்கு மேல வேண்டவே வேண்டாம். பங்க்ல இடம் கிடைச்சா கப்பலோட நடுப்பகுதியா, கீழ்க் கட்டிலா கேளுங்க, முனைல போட்டா குடல் வாய்க்கு வரும். எலுமிச்சம்பழம், ஊறுகாய், மிளகாப்பொடி எடுத்துக்கோங்க. அப்புறம் ஹேவ்லாக் போனா மூணாம் நம்பர் பஜார்ல மீன் சோறு போடற பெங்காலி மெஸ் இன்னும் ரெண்டு மூணு இருக்கு, ரிசார்ட் பஃபேல உக்காந்துட்டு வராதீங்க, மதியம் ஒரு மணிக்கு முன்னாடி போங்க, அதுக்கு மேல போனா மீன் தலைதான் மிஞ்சும்.